உயர் இரத்த அழுத்தத்துக்கான கூட்டு மாத்திரை: எந்த மருந்தை மெதுவாக்குவது, எதை விட்டுவிடுவது?

மருந்தாக்க மாணவி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். முதுநிலை ஆய்வுக்காக ஈரடுக்கு மாத்திரை ஒன்றை உருவாக்கி வருகிறேன். ஓர் அடுக்கில் மெட்டோபுரோலால் சக்சினேட் 47.5 மி.கி. இருக்கிறது, அது ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் மெதுவாக வெளியாக வேண்டும். மற்றோர் அடுக்கில் அம்லோடிபின் பெசிலேட் 6.93 மி.கி., அதாவது 5 மி.கி. அம்லோடிபினுக்குச் சமமான அளவு, உடனடியாக வெளியாக வேண்டும். மெதுவான அடுக்கில், நீர் பட்டதும் வீங்கி ஜெல்லாகி மருந்தைத் தடுத்து வெளிவிடும் பாலிமரான ஹைப்ரோமெல்லோஸ் கே100எம் 35 சதவீதமும், மீதிக்கு நுண்படிகச் செல்லுலோஸும் டைகால்சியம் பாஸ்பேட்டும், ஒரு சதவீதம் மக்னீசியம் ஸ்டியரேட்டும் சேர்த்திருக்கிறேன். அம்லோடிபின் அடுக்கில் நுண்படிகச் செல்லுலோஸ், டைகால்சியம் பாஸ்பேட், சிதைப்பானாகச் சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேட், உயவுக்கு மக்னீசியம் ஸ்டியரேட் ஆகியவை உள்ளன.

இரண்டு கேள்விகள். முதலாவது, அமெரிக்க மருந்து நூல் மெட்டோபுரோலால் சக்சினேட் நீடித்த வெளியீட்டு மாத்திரைக்குச் சொல்லும் வரம்புகளை (pH 6.8 பாஸ்பேட் தாங்கல் கரைசலில் முதல் மணி நேரத்தில் 25 சதவீதத்துக்கு மேற்படாமல், 4-ஆம் மணியில் 20 முதல் 40, 8-ஆம் மணியில் 40 முதல் 60, 20-ஆம் மணியில் 80 சதவீதத்துக்குக் குறையாமல்) இலக்காக வைத்திருக்கிறேன். பிந்தைய புள்ளிகள் எல்லாம் பொருந்துகின்றன. முதல் மணி நேரம் மட்டும் வரம்பைத் தாண்டுகிறது. பாலிமரைக் கூட்டினால் முதல் மணி சற்றுக் குறைகிறது, ஆனால் 20-ஆம் மணி 80-ஐ எட்டுவதில்லை.

இரண்டாவது, ஆய்வுக் குழுவில் ஒருவர், "இரத்த அழுத்தம் நாள் முழுவதும் கட்டுக்குள் இருக்க வேண்டுமென்றால் அம்லோடிபினையும் மெதுவாக்கினால் என்ன?" என்று கேட்டார். அதற்கு முறையான பதிலை எழுத விரும்புகிறேன்.

மருந்துருவாக்குநர்

தங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒரு கூட்டு மாத்திரையின் வடிவமைப்பு முழுவதும் அந்தக் கேள்விக்கான பதிலின் மேல்தான் நிற்கிறது. பலர் அதைக் கேட்காமலேயே பாலிமர் தேடப் போய்விடுகிறார்கள்.

அம்லோடிபினின் இறுதி அரைவாழ்வுக் காலம், அதாவது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், 30 முதல் 50 மணி நேரம். வாய்வழி எடுத்துக்கொண்டபின் இரத்தத்தில் அதன் உச்ச அளவு 6 முதல் 12 மணி நேரத்தில்தான் வருகிறது. உறிஞ்சப்படுவதும் மெதுவாக, வெளியேறுவதும் மெதுவாக என்று இயல்பிலேயே நீடித்துச் செயல்படும் மூலக்கூறு அது. தினம் ஒரு வேளை கொடுத்தால் ஏழெட்டு நாளில் நிலையான அளவை அடைந்து, ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையே சிறிதளவே ஏறி இறங்குகிறது. அதைச் சுற்றி ஒரு ஜெல் மேட்ரிக்ஸ் (மருந்தைத் தன்னுள் கலந்து பிடித்து மெதுவாக வெளிவிடும் பாலிமர்க் கட்டி) கட்டுவதால் நோயாளிக்கு எதுவும் கிடைக்காது. மாறாக, குடல் திரவத்தின் pH உயர உயர அம்லோடிபினின் கரைதிறன் குறைவதால், இரைப்பையில் கரையவேண்டியதைக் கீழ்க்குடல்வரை இழுத்துச்செல்வது உறிஞ்சப்படும் அளவையே நிச்சயமற்றதாக்கிவிடக்கூடும்.

மெட்டோபுரோலாலின் நிலை நேர் எதிரானது. அரைவாழ்வு 3 முதல் 7 மணி நேரம், நீரில் மிக நன்றாகக் கரைகிறது, பெருங்குடல்வரை உறிஞ்சப்படுகிறது. குறுகிய அரைவாழ்வு, நல்ல கரைதிறன், குடல் நெடுக உறிஞ்சப்படும் தன்மை ஆகிய மூன்றும் ஒரே மருந்தில் இருந்தால் அதை மெதுவாக வெளியிட வலுவான காரணம் இருக்கிறது. போதாக்குறைக்கு, மெட்டோபுரோலால் இதயத்தின் பீட்டா-1 ஏற்பிகளைத் தேர்ந்து தாக்கும் குணமுடையது. இரத்தத்தில் அளவு மிகவும் உயரும்போது அந்தத் தேர்வுத்தன்மை மங்கிவிடுகிறது. உச்சத்தைத் தட்டையாக்குவது அந்தக் குணத்தைக் காப்பாற்றுகிறது.

ஆகவே குழுவினருக்குத் தாங்கள் எழுதவேண்டிய பதில்: வெளியீட்டுக் கட்டுப்பாடு மாத்திரைக்கு உரிய அலங்காரம் அன்று, அந்தக் குறிப்பிட்ட மூலக்கூறு உடலில் நடந்துகொள்ளும் விதத்தில் உள்ள குறையை ஈடுசெய்யும் கருவி. குறை இல்லாத இடத்தில் கருவியும் தேவையில்லை.

உள்மருத்துவ மருத்துவர்

மேலே சொன்னதைப் பெருமளவு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "நீண்ட அரைவாழ்வு என்றால் கட்டுப்பாடு தேவையில்லை" என்று அதைப் பொது விதியாக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்டபமைடை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 18 மணி நேரம். உடனடி வெளியீட்டு மாத்திரையே தினம் ஒரு வேளை போதும். ஆனாலும் 2.5 மி.கி. உடனடி வெளியீட்டுக்குப் பதிலாக 1.5 மி.கி. நீடித்த வெளியீட்டு மாத்திரை வந்தது. அழுத்தம் குறையும் அளவு ஒத்திருக்க, இரத்தத்தில் பொட்டாசியம் குறைவது தணிந்தது. அங்கே நீட்டிப்பின் நோக்கம் கால அளவு அன்று. கூர்மையான உச்சத்தைத் தவிர்த்து, குறைந்த அளவிலேயே அதே பயனைப் பெறுவது. இன்டபமைடு 1.5 மி.கி. நீடித்த வெளியீடாகவும், அம்லோடிபின் உடனடி வெளியீடாகவும் ஒரே மாத்திரையில் இணைந்த மருந்து சில நாடுகளில் பயன்பாட்டில் இருக்கிறது. தங்கள் வடிவமைப்புக்கு அது நல்ல முன்மாதிரி.

கூட்டு மாத்திரையே எதற்கு என்று ஆய்வேட்டின் முன்னுரையில் எழுத வேண்டியிருக்கும். இரண்டு வகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது, ஒரே மருந்தின் அளவை இரட்டிப்பதைவிட அழுத்தத்தைக் கூடுதலாக ஏறத்தாழ ஐந்து மடங்கு குறைக்கிறது என்று 42 சோதனைகளைத் தொகுத்து 2009-ல் வெளியான ஆய்வு காட்டியது. 2018-ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் பெரும்பாலான நோயாளிகளுக்குத் தொடக்கத்திலேயே ஒரே மாத்திரைக் கூட்டைப் பரிந்துரைத்தன. 2019-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இரத்த அழுத்தக் கூட்டு மாத்திரைகள் சேர்க்கப்பட்டன. ஆனால் அந்தப் பட்டியலில் சேர்ந்தவை லிசினோபிரில், டெல்மிசார்டன், அம்லோடிபின், ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகியவற்றின் சேர்க்கைகள். மெட்டோபுரோலால் போன்ற பீட்டா தடுப்பான் சேர்ந்த கூட்டு அவற்றில் இல்லை. இரத்த அழுத்தம் மட்டுமே உள்ளவருக்குப் பீட்டா தடுப்பான் முதல் தேர்வாக இப்போது பொதுவாகக் கருதப்படுவதில்லை. நெஞ்சு வலி, மாரடைப்புக்குப் பிந்தைய நிலை, வேகமான இதயத்துடிப்பு போன்றவை உடன் இருப்பவர்களுக்கே மெட்டோபுரோலால், அம்லோடிபின் கூட்டு பொருத்தமாக அமைகிறது. இதைத் தெளிவாக எழுதிவிடுங்கள்.

இன்னொன்றும் மருத்துவராக எனக்கு உறுத்துகிறது. அம்லோடிபினால் கணுக்காலில் வீக்கம் வரும் நோயாளி, "இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று தாமாகவே முழு மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார். நிற்பது அம்லோடிபின் மட்டுமன்று. பீட்டா தடுப்பானும் சேர்ந்து திடீரென்று நின்றுவிடுகிறது. இதய நாள நோய் உள்ளவருக்கு அந்தத் திடீர் நிறுத்தம் ஆபத்தானது. மாத்திரையை வடிவமைப்பவர்கள் இதைத் தடுக்க முடியாது என்பது உண்மைதான்; ஆனால் மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் உள்ளிடு தாளில் எச்சரிக்கை எங்கே, எவ்வளவு தெளிவாக இடம்பெறுகிறது என்பதில் அவர்களுக்குப் பங்கு உண்டு.

மருந்துருவாக்குநர்

இன்டபமைடு எடுத்துக்காட்டு மிகச் சரியானது. என் கூற்றைத் திருத்திக் கூர்மையாக்குகிறது. கேட்கவேண்டிய கேள்வி அரைவாழ்வு எவ்வளவு என்பது மட்டுமன்று, உச்சத்தால் தீங்கு உண்டா என்பதும்கூட. நிபெடிபின் வரலாறு முழுவதும் அந்த இரண்டாம் கேள்வியைச் சுற்றியதுதான். உடனடியாக வெளியாகும் நிபெடிபின் காப்சூல் அழுத்தத்தைச் சட்டென்று வீழ்த்தி, அதற்கு எதிர்வினையாக இதயத்துடிப்பை எகிறச் செய்தது. அதே மூலக்கூறை ஊடுபரவல் விசையால் தள்ளும் மாத்திரையில் அடைத்து நாள் முழுவதும் சீராக வெளியிட்டபோது, நாள்பட்ட சிகிச்சைக்கு ஏற்ற மருந்தாயிற்று. மருந்து மாறவில்லை, வெளியாகும் வேகம் மாறியது.

இனி முதல் கேள்வி. மேட்ரிக்ஸில் கை வைக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மெட்டோபுரோலால் அடுக்கை மட்டும், அதே பஞ்ச், அதே இறுதி அழுத்த விசையில் தனி மாத்திரையாக அடித்து, ஈரடுக்கு மாத்திரையோடு பக்கத்தில் வைத்துக் கரைவுச் சோதனை நடத்துங்கள். பிறகு ஈரடுக்கு மாத்திரை ஒன்றை அரை மணி நேரத்தில் கலத்திலிருந்து எடுத்து, கூர்மையான பிளேடால் குறுக்கே வெட்டி, வெட்டு முகத்தையும், அம்லோடிபின் அடுக்கு இருந்த பக்கத்தையும் உருப்பெருக்கியில் பாருங்கள். தனி மாத்திரை வரம்புக்குள் நின்று ஈரடுக்கு மட்டும் தாண்டினால், பழி மேட்ரிக்ஸ் மேல் அன்று, இரண்டு அடுக்கும் சந்திக்கும் இடத்தின் மேல்.

கரைவுச் சோதனையாளர்

பகுப்பாய்வுப் பக்கத்திலிருந்து சில சொற்கள். இந்த மாத்திரைக்கு ஒரே ஊடகத்தில் இரு மருந்துகளையும் அளக்க முயல வேண்டாம். அம்லோடிபின் மாத்திரைக்குரிய நூல்முறை 0.01 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 500 மி.லி., துடுப்பு நிமிடத்துக்கு 75 சுழற்சி, 30 நிமிடம். மெட்டோபுரோலாலுக்கு pH 6.8 தாங்கல், 500 மி.லி., 50 சுழற்சி. இரண்டையும் தனித்தனியாகவே நடத்துங்கள். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். நோயாளியின் வயிற்றில் மாத்திரை முதலில் அமிலத்தைத்தான் சந்திக்கிறது. ஆகவே இரண்டு மணி நேரம் அமிலம், பிறகு 6.8 தாங்கல் என்று ஊடகத்தை மாற்றி ஒரு முறையாவது மெட்டோபுரோலாலைப் பாருங்கள். அம்லோடிபின் அடுக்கு அமிலத்தில் வேகமாகச் சிதறும், 6.8-இல் தயங்கும், அது சிதறும் விதத்தைப் பொறுத்து மெட்டோபுரோலால் அடுக்கின் ஒரு முகம் சில நிமிடங்களிலேயே திறந்துகொள்ளலாம், அல்லது துணுக்குகள் ஜெல்லில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் மூடியே இருக்கலாம்.

இதனால்தான் ஈரடுக்கு மாத்திரைகளின் வெளியீட்டு வரைபடத்துக்குக் கோர்ஸ்மேயர்-பெப்பாஸ் சமன்பாட்டை (வெளியான அளவை நேரத்தின் ஓர் அடுக்காகக் காட்டும் சமன்பாடு) பொருத்தி, அதில் நேரத்தின் அடுக்குக்குறி 0.45 என்றால் ஊடுருவல், 0.89 என்றால் அரிப்பு என்று ஆய்வேடுகளில் எழுதுவதை நான் ஏற்பதில்லை. அந்த எண்கள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி திறந்துள்ள உருளை வடிவத்துக்கு உரியவை. அதிலும் வெளியீட்டின் முதல் 60 சதவீதத்துக்கு மட்டுமே பொருந்தும். ஒரு முகம் பாதி நேரம் மூடியிருக்கும் மாத்திரைக்கு அந்த எண்ணிலிருந்து வழிமுறையை ஊகிப்பது பிழையான முடிவுக்குக் கொண்டுபோகும். ஒப்பீட்டுக்கு எஃப்2 ஒப்புமைக் காரணியைப் பயன்படுத்துங்கள். 50-க்கு மேல் என்றால் இரு வரைகளுக்கும் சராசரி வேறுபாடு 10 சதவீதத்துக்குள் என்று பொருள். 85 சதவீதத்தைத் தாண்டிய புள்ளிகளில் ஒன்றுக்கு மேல் சேர்க்காதீர்கள். தட்டையான வால்பகுதியில் புள்ளிகளை அடுக்கினால் எஃப்2 செயற்கையாக உயர்ந்துவிடும்.

இன்னும் ஒன்று: அம்லோடிபின் ஒளிபட்டால் அதன் டைஹைட்ரோபிரிடின் வளையம் ஆக்சிஜனேற்றமடைந்து பிரிடினாக மாறுகிறது. மாதிரிகளை எடுக்கும் குடுவைகள் பழுப்பு நிறக் கண்ணாடியாக இருக்கட்டும். வடிதாளில் மருந்து ஒட்டிக்கொள்கிறதா என்பதையும் முதலிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்தாக்க மாணவி

ஐயா சொன்ன சோதனையைச் செய்துவிட்டேன். தனி மாத்திரை முதல் மணி நேரத்தில் வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. ஈரடுக்கு மட்டுமே தாண்டுகிறது. அரை மணியில் எடுத்து வெட்டியபோது, அடிப்பக்கமும் விளிம்பும் வழவழப்பான, கண்ணாடி போன்ற ஜெல்லாகவும், நடுவே நனையாத வெண்மையான உட்பகுதியாகவும் இருந்தன. ஆனால் அம்லோடிபின் அடுக்கு இருந்த முகம் அப்படி இல்லை. அங்கே ஜெல் விட்டுவிட்டுப் படிந்திருந்தது. இடையிடையே சிறு குழிகளும், அவற்றில் சிலவற்றுக்குள் உப்பிய, மங்கலான குருணைகளும் தெரிந்தன. அவை சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேட் துகள்களாக இருக்குமோ என்று எண்ணுகிறேன். முதல் அடுக்கை அடுக்குப் பிரிவைத் தவிர்ப்பதற்காக மிக இலேசாகவே அழுத்தியிருந்தேன்.

மருந்துருவாக்குநர்

தாங்கள் கண்டது ஈரடுக்கு மாத்திரையின் உள்ளார்ந்த முரண்பாடு. தங்கள் ஆய்வேட்டின் நடுப்பகுதியே அதுவாக இருக்கலாம்.

முதல் அடுக்கைக் கடினமாக அழுத்தினால் அதன் மேற்பரப்பு வழவழப்பாகிவிடும். இரண்டாம் அடுக்குப் பற்றிக்கொள்ள இடமில்லாமல், மாத்திரை வெளியேறும்போதோ சில வாரம் கழித்தோ இரண்டாகப் பிளக்கும். அதற்கு அஞ்சி மிக இலேசாக அழுத்தினால், மேற்பரப்பு தளர்ந்த தூளாகவே இருக்கும்; இரண்டாம் அடுக்கின் தூள் விழும்போது அதற்குள் புதைந்துவிடும். தங்கள் மாத்திரையில் புதைந்தது சாதாரணத் தூள் அன்று, சிதைப்பான். நீர் பட்டதும் அது பல மடங்கு உப்பி, இன்னும் ஜெல் முழுமையாக உருவாகாத மேட்ரிக்ஸின் மேல்தோலைத் தூக்கிவிடுகிறது. அந்தக் குழிகள் வழியே, கரையத் துடிக்கும் மெட்டோபுரோலால் வெளியே ஓடுகிறது. சற்று நேரத்தில் ஹைப்ரோமெல்லோஸ் வீங்கிக் குழிகளை அடைத்துவிடுவதால் பிந்தைய புள்ளிகள் சரியாக இருக்கின்றன. தாங்கள் பாலிமரைக் கூட்டியபோது 20-ஆம் மணி கெட்டுப்போனதற்கும் காரணம் இதுவே: நோய் முகப்பில் இருக்க, மருந்தை உடல் முழுவதற்கும் கொடுத்தீர்கள்.

என்ன செய்யலாம் என்றால், முதலில் சிதைப்பானை இடம் மாற்றுங்கள். இப்போது அது அம்லோடிபின் கலவையில் தூளாகச் சுற்றுகிறது. அம்லோடிபின் அடுக்கை உலர் குறுணையாக்கம் செய்து சிதைப்பானைக் குறுணைக்குள்ளேயே அடைத்துவிட்டால், எல்லையில் அதன் தனித் துகள்கள் குறையும். அளவையும் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். இவ்வளவு சிறிய அடுக்கில் நுண்படிகச் செல்லுலோஸே நீரை உறிஞ்சி ஓரளவு சிதைய உதவும். ஈரக் குறுணையாக்கம் வேண்டாம். அம்லோடிபினுக்கும் ஈரத்துக்கும் நல்லுறவு இல்லை. லாக்டோஸையும் தொடாதீர்கள். அம்லோடிபினின் முதனிலை அமீன், லாக்டோஸோடு ஈரத்தில் வினைபுரிந்து பழுப்பேறும். அம்லோடிபினின் மூலத் தயாரிப்பில் நுண்படிகச் செல்லுலோஸ், டைகால்சியம் பாஸ்பேட், சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேட், மக்னீசியம் ஸ்டியரேட் மட்டுமே இருந்ததைக் கவனியுங்கள். தங்கள் தேர்வும் அதுவே.

அடுத்து, முதல் அழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் இரண்டை அளவிடுங்கள்: முதல் மணி வெளியீடு, அடுக்குகளைப் பிரிக்கத் தேவைப்படும் விசை. இரண்டும் ஏற்கத்தக்கதாக இருக்கும் ஒரு சிறிய இடைவெளி கிடைக்கும். அதை அகலப்படுத்த வேண்டுமென்றால், மெதுவான அடுக்கில் மக்னீசியம் ஸ்டியரேட்டை 0.5 சதவீதமாகக் குறையுங்கள். உயவுப்பொருள் எல்லையில் படலமாகப் படிந்து பிணைப்பைக் கெடுக்கிறது. ஹைப்ரோமெல்லோஸ் அழுத்தம் விட்டதும் மீண்டெழும் மீள்தன்மை உடையது, செல்லுலோஸ் அப்படியன்று. இரு அடுக்குகளின் மீட்சியும் வேறுபட்டால் பிளவு வரும். ஆகவே மெதுவான அடுக்கில் நுண்படிகச் செல்லுலோஸின் பங்கைச் சற்றுக் கூட்டி, இரண்டு அடுக்குக்கும் ஒரு பொதுப் பொருளைக் கொடுங்கள்.

கடைசியாக, ஹைப்ரோமெல்லோஸின் துகள் அளவு. நீடித்த வெளியீட்டுக்கென விற்கப்படும் நுண்தூள் வகையையே வாங்குங்கள். முதல் சில நிமிடங்களில் மேற்பரப்பில் அடுத்தடுத்து இருக்கும் பாலிமர் துகள்கள் வீங்கி ஒன்றோடொன்று கைகோத்தால்தான் ஜெல் தொடர்ச்சியாகும். துகள் பெரிதாக இருந்தால் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் மெட்டோபுரோலால் போன்ற மருந்து காத்திருக்காது.

பெல்லட் ஆதரவாளர்

ஒரு மாற்றுக் கருத்து. மெட்டோபுரோலால் சக்சினேட்டின் மூல நீடித்த வெளியீட்டுத் தயாரிப்பு மேட்ரிக்ஸ் அன்று. நூற்றுக்கணக்கான நுண்மணிகள் (பெல்லட்டுகள்) ஒவ்வொன்றும் தனித்தனியே செல்லுலோஸ் வழிப்பொருள் பூச்சு பெற்று, மாத்திரையாக அழுத்தப்பட்டவை. மாத்திரை வயிற்றில் சிதறியபின் ஒவ்வொரு மணியும் தனி மருந்துக் களஞ்சியமாகச் செயல்படுகிறது. ஒரு மணியின் பூச்சு கிழிந்தாலும் கேடு அந்த மணியோடு முடிகிறது. ஒரே கட்டியான மேட்ரிக்ஸ் இரைப்பையில் தங்கும் நேரம் உணவைப் பொறுத்து மாறும். மணிகள் பரவலாகவும் ஓரளவு சீராகவும் குடலுக்குள் இறங்கும். எல்லாவற்றையும்விட, அந்த மாத்திரையை நடுக்கோட்டில் இரண்டாக உடைத்துப் பாதியை விழுங்கலாம், வெளியீடு கெடாது. மேட்ரிக்ஸை உடைத்தால் புதிய முகம் திறக்கும், வேகம் கூடும்.

அம்லோடிபினைச் சுற்றியுள்ள தாங்கு தூளில் கலந்துவிட்டால் ஈரடுக்கு இயந்திரமே வேண்டாம், அடுக்குப் பிரிவும் இல்லை.

மருந்துருவாக்குநர்

பெல்லட் முறையின் சிறப்புகளில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் இரண்டு இடர்களைச் சொல்லவேண்டும். அழுத்தும்போது பூச்சு நீளக்கூடியதாக இல்லாவிட்டால் விரிசல் விடும். எத்தில் செல்லுலோஸ் இயல்பில் நொறுங்கும் தன்மையுடையது, நெகிழ்வூட்டி இல்லாமல் அதை அழுத்தக்கூடாது. மணிகளும் தூளும் அளவில் வேறுபடுவதால் ஊட்டுக்கலத்திலேயே பிரிந்து, 5 மி.கி. அம்லோடிபினின் சீர்மை ஆட்டம் காணும்.

இன்னொன்று ஆல்கஹால். எத்தில் செல்லுலோஸ் எத்தனாலில் கரையக்கூடியது. நீடித்த வெளியீட்டு மாத்திரைகளை 0, 5, 20, 40 சதவீத எத்தனால் கலந்த அமிலத்தில் இரண்டு மணி நேரம் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு கேட்கிறது. 2005-ல் ஹைட்ரோமார்போன் நீடித்த வெளியீட்டுக் காப்சூல் ஒன்று, மது அருந்தினால் மொத்த மருந்தையும் ஒரேயடியாகக் கொட்டிவிடும் என்ற காரணத்தால் சந்தையிலிருந்து விலக்கப்பட்டதே இந்தக் கவனத்துக்குத் தூண்டுதல். ஹைப்ரோமெல்லோஸ் மேட்ரிக்ஸ் 40 சதவீத எத்தனாலிலும் பொதுவாக ஜெல் கட்டிவிடுகிறது. பூச்சுப் பெற்ற மணிகளுக்குத் தனியாக நிரூபிக்க வேண்டும். ஒரு நாள் மருந்தளவு முழுவதையும் சுமக்கும் பீட்டா தடுப்பான் மாத்திரையில் இது சிறிய விஷயமன்று.

முதுநிலை ஆய்வுக்குப் பூச்சுக் கருவியும் அதற்கான காலமும் இருந்தால் பெல்லட் நல்ல வழி. இல்லையென்றால் மேட்ரிக்ஸ் அடுக்கைச் சரிசெய்வதே கைக்கெட்டிய வழி.

மருந்தாளுநர்

மாத்திரையை உடைப்பது பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு வேண்டுகோள். மருந்தகத்தில் நாங்கள் தினமும் பார்ப்பது, மருந்தளவைக் குறைக்கச் சொன்னால் மாத்திரையை உடைப்பவர்களையும், விழுங்க முடியாவிட்டால் பொடியாக்குபவர்களையும்தான். மேட்ரிக்ஸ் மாத்திரையின் முகத்தில் அழகுக்காகக்கூட உடைகோடு போட வேண்டாம். கோடு இருந்தால் உடைக்கலாம் என்றுதான் மக்கள் பொருள் கொள்கிறார்கள். இரண்டு அடுக்கு இரண்டு நிறத்தில் இருந்தால், அடுக்கோடு பிளந்து "ஒன்று காலையில், ஒன்று மாலையில்" என்று பிரித்துச் சாப்பிடுபவர்களும் உண்டு. மேலே ஒரு படலப் பூச்சு கொடுத்து நிற வேறுபாட்டை மறைத்துவிட்டால் இந்தக் குழப்பம் குறையும்.

மற்றொரு ஆய்வு மாணவர்

அம்லோடிபினுக்குப் பதிலாக டெல்மிசார்டன் 40 மி.கி. வைத்தால் எப்படி? மேலும், அதிகாலையில் இரத்த அழுத்தம் உயர்வதால் இரவில் விழுங்கி நான்கைந்து மணி நேரம் கழித்து வெளியாகத் தொடங்கும் வடிவம் நல்லதல்லவா?

மருந்துருவாக்குநர்

டெல்மிசார்டன் நடுநிலை ஊடகத்தில் கரையாது. அதைக் கரைய வைப்பதற்காகச் சோடியம் ஹைட்ராக்சைடும் மெக்ளுமினும் சேர்த்துக் காரத்தன்மையுள்ள அடுக்காக்குகிறார்கள். அந்த அடுக்கு காற்றின் ஈரத்தை விரும்பி இழுக்கும். டெல்மிசார்டன், அம்லோடிபின் கூட்டு மாத்திரை ஈரடுக்காகச் செய்யப்படுவதற்கும் காரணம் வெளியீட்டு வேகம் அன்று. காரத்தோடு ஒட்டியிருந்தால் அம்லோடிபின் சிதைவதுதான். மெட்டோபுரோலாலோடு சேர்க்கும்போது அந்த ஈரம் எல்லை வழியே ஹைப்ரோமெல்லோஸுக்குள் புகுந்து, சேமிப்பிலேயே மேட்ரிக்ஸின் விளிம்பை மென்மையாக்கி அடுக்குகளைப் பிரிக்கக்கூடும். செய்ய முடியாததன்று, நடுவே மந்தமான மூன்றாம் அடுக்கோ, ஈரம் புகாத கொப்புள உறையோ வேண்டியிருக்கும்.

உள்மருத்துவ மருத்துவர்

இரவு வெளியீடு பற்றி: தாமதித்துத் தொடங்கும் வெராபமில் மாத்திரையைப் படுக்கும் நேரத்தில் கொடுத்து, 16,000-க்கும் மேற்பட்டவர்களிடம் அட்டனோலால் அல்லது ஹைட்ரோகுளோரோதயசைடோடு ஒப்பிட்ட கன்வின்ஸ் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டு, 2003-ல் வெளியானது, அதிகாலையைக் குறிவைத்ததால் மாரடைப்போ பக்கவாதமோ குறைந்ததாக அது காட்டவில்லை. 21,104 பேரைச் சேர்த்த டைம் ஆய்வு 2022-ல் வெளியானது. வழக்கமான மாத்திரைகளைக் காலையில் எடுப்பதற்கும் மாலையில் எடுப்பதற்கும் இதயநாள விளைவுகளில் வேறுபாடு இல்லை என்றது. நோயாளி மறக்காமல் எடுக்கும் வேளையே நல்ல வேளை என்பது என் கருத்து. தாமத வெளியீட்டின் நுட்பத்தை ரசிக்கிறேன், ஆனால் அதற்காக ஒரு மாத்திரையைச் சிக்கலாக்க வேண்டாம்.

மருந்தாக்க மாணவி

மிக்க நன்றி. சிதைப்பானைக் குறுணைக்குள் அடைத்து, அளவைப் பாதியாக்கி, முதல் அழுத்தத்தைச் சற்று உயர்த்தியதில் முதல் மணி வெளியீடு வரம்புக்குள் வந்துவிட்டது. அடுக்குகளும் உதிர்வுச் சோதனையில் பிரியவில்லை. வெட்டிப் பார்த்தால் மேல்முகத்திலும் ஜெல் தொடர்ச்சியாக இருக்கிறது. அம்லோடிபின் 30 நிமிடத்துக்குள் கரைந்துவிடுகிறது. நிலைத்தன்மைச் சோதனையில் எதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்?

கரைவுச் சோதனையாளர்

40 டிகிரி செல்சியஸ், 75 சதவீத ஈரப்பதத்தில் ஆறு மாதம் வையுங்கள். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் மூன்றைப் பாருங்கள்: மெட்டோபுரோலாலின் முதல் மணிப் புள்ளி, அம்லோடிபினின் பிரிடின் மாசு, அடுக்குகளைப் பிரிக்கும் விசை. மாத்திரை ஈரம் ஏற்றால் இரண்டு அடுக்கும் வெவ்வேறு அளவு உப்பும்; பிரிப்பு விசை குறையத் தொடங்குவது, கண்ணுக்குப் பிளவு தெரிவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடும். ஒளிச் சோதனையை 12 லட்சம் லக்ஸ் மணி அளவுக்கு, படலப் பூச்சு உள்ள மாத்திரையிலும் பூச்சு இல்லாததிலும் தனித்தனியே நடத்துங்கள். பூச்சில் டைட்டானியம் டை ஆக்சைடு எவ்வளவு வேண்டும் என்பதை அந்த ஒப்பீட்டிலிருந்தே முடிவு செய்யலாம். பூச்சு கொடுத்தபின் மெட்டோபுரோலால் வரையை மீண்டும் எடுத்து, பூச்சில்லாத மாத்திரையோடு எஃப்2 கணக்கிட்டு இங்கே பதிவிடுங்கள். பூச்சிடும்போது தெளிக்கும் நீர் மேட்ரிக்ஸின் மேற்பரப்பை மாற்றியிருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.